ஒரு குரலா, இரண்டு குரலா: புருசன் பெண்சாதி கொலைக்கதையைக் காதால் கேட்பது

சூடை மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு கையிலும் செதிள். குசினி யன்னலில் வைத்திருந்த போனில் ஓர் அமெரிக்கன் தன் மனைவியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒரு அவசரமும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் மதிலில் கையை ஊன்றிக்கொண்டு கதைப்பது மாதிரி இருந்தது. மாமி வந்து கதவடியில் நின்று கொஞ்ச நேரம் கேட்டார். மாமிக்கு இங்கிலீசு தெரியாது.

"ஆர் பிள்ளை செத்தது?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதையில் உண்மையாகவே ஒருத்தி செத்திருந்தாள். எப்படி மாமி தெரியும் என்று கேட்டதற்கு, "இவ்வளவு ஆறுதலாக் கதைக்கிறவன் வேறென்னத்தைச் சொல்லப்போறான்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மீன் கையோடு போனை நிறுத்தவும் முடியவில்லை. அந்த மனிதன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தான்.

எங்கள் வீட்டில் ஒலிநூல், அதாவது ஒருவர் வாசித்துப் பதிவுசெய்த கதை, கேட்கும் பழக்கம் 2022இல் தொடங்கியது. மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அந்த நாட்களில். காற்றாடி சுற்றாது, மகள் வியர்வையில் நித்திரை வராமல் புரளுவாள். விறாந்தையில் பாயை விரித்து, போனில் மிச்சமிருக்கிற சார்ஜில் ஏதாவது ஒன்றைப் போட்டுக் கேட்போம். படம் பார்த்தால் பற்றரி கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். திரையை அணைத்துவிட்டுக் கதை கேட்டால் விடியும் வரை நின்று பிடிக்கும். கரண்ட் ஒழுங்காக வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. அப்புறம் இவருக்கு, என் புருசனுக்கு, கொழும்பில் வேலை அமைந்தது. இரண்டு கிழமைக்கு ஒருக்கால் வெள்ளி இரவு ரயில் ஏறி சனி காலையில் திருகோணமலையில் இறங்குவார், ஞாயிறு இரவு திரும்பிப் போவார். இப்போது எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக மிஞ்சியிருக்கிற ஒரே பொழுதுபோக்கு இதுதான்.

இந்த முறை இவர்தான் சொன்னார்: புருசன் பெண்சாதி, கொலை, ஆனால் சிரிப்பும் வரவேண்டும், அப்படி ஒரு திரில்லர் கேட்போம் என்று. ஏன் திடீரென்று இந்த ஆசை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

தேடியதில் கடைசியாக இரண்டு மிஞ்சின. ஒன்று சமந்தா டவுனிங் எழுதிய 'மை லவ்லி வைஃப்', 2019இல் வந்தது, அவருடைய முதல் நாவல். மற்றது ஜிலியன் ஃப்ளின்னின் 'கோன் கேர்ள்', 2012இல் வந்தது, படமாகவும் வந்து ஊரறிந்தது. இரண்டும் ஆங்கிலம்தான். நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறவள், இருந்தும் அமெரிக்க உச்சரிப்புக்குக் காது பழக முதல் அரை மணித்தியாலம் தேவைப்பட்டது. வேகத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்து, பிறகு கூட்டிக்கொள்ளலாம். அது ஒரு பெரிய தடையில்லை.

இது என்ன மாதிரிச் சிரிப்பு என்று முதலே சொல்லிவிடுகிறேன், பகிடிக் கதை என்று நினைத்து யாரும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு போடக்கூடாது. செத்தவீட்டில் வருமே, அந்தச் சிரிப்பு. ஐயர் மந்திரம் சொல்கிற நேரம் யாரோ ஒருவரின் போன் குத்துப்பாட்டோடு அடிக்கும், சிரிக்கக்கூடாது என்று பல்லைக் கடிக்கக் கடிக்கத் தோள் குலுங்கும். எங்கள் ஊரான திருகோணமலையிலேயே இதற்கு ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. சுவாமி மலையில் கோணேசர் கோயிலுக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்தபடி ஒரு தூண் நிற்கிறது. 1687இல் பிரான்சினா வான் றீட் என்ற ஒல்லாந்துப் பெண் காதலன் கப்பலேறிப் போய்விட்டான் என்று அந்தப் பாறையிலிருந்து கடலில் குதித்தாள் என்பது கதை. உல்லாசப் பயணிகளுக்குச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். ஆனால் ஒல்லாந்தர் கால ஆவணங்களின்படி அவள் அதற்குப் பிறகும் உயிரோடு இருந்து இன்னொரு கலியாணமும் கட்டினாள் என்று எழுதியிருக்கிறார்கள். ஆள் சாகவில்லை, தூண் மட்டும் நிற்கிறது. இதைக் கேட்டதும் உங்களுக்குச் சிரிப்பும் வந்து, சிரித்தது பிழையோ என்றும் தோன்றினால் இந்த வகை நாவல் உங்களுக்குத் தோதானது. தோன்றாவிட்டால் பணத்தைச் செலவழிக்கவேண்டாம்.

இனி அந்த இரண்டு புத்தகங்கள்.

'மை லவ்லி வைஃப்' முழுக்க ஒரே குரல். டேவிட் பிட்டு என்ற நடிகர் வாசித்திருக்கிறார், ஏறக்குறைய 11 மணித்தியாலம். கதை சொல்கிறவன் புருசன், ஃபுளோரிடாவில் டெனிஸ் பழக்குகிறவன். மனைவி மிலிசென்ட் வீடு காணி விற்கிற தொழில். ஒரு பெடியன், ஒரு பெட்டை. வீட்டுக்கடன், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், இரவுச் சாப்பாடு, நடுவில் இருவரும் சேர்ந்து செய்கிற கொலைக் காரியம். கலியாணம் அலுத்துப் போகாமல் இருக்கச் சிலர் நடனம் பழகுவார்கள், இவர்கள் இதைப் பழகியிருக்கிறார்கள். இது தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிற விசயம், நான் கதையை உடைக்கவில்லை.

இதில் என்னைப் பிடித்துக்கொண்டது ஒரு சின்ன விசயம். கதை தொடங்கும்போதே அவன் மதுச்சாலையில் ஒரு பெண்ணிடம் தனக்குக் காது கேட்காது என்று நடிக்கிறான். பொய்ப் பேர் ஒன்றைச் சொல்லி, தான் சொல்லவேண்டியதை எல்லாம் போனில் தட்டிக் காட்டுகிறான். கடதாசியில் வாசித்தால் இது சாதாரண ஏமாற்று. காதால் கேட்கும்போது வேறு மாதிரி ஆகிவிடுகிறது: அந்தப் பெண்ணுக்கு அவனுடைய குரல் கேட்கவே கேட்காது, எங்களுக்கோ அந்தக் குரலைத் தவிர வேறொன்றுமே இல்லை. அவளுக்குக் காட்டுகிற சொல்லையும் அவளிடம் மறைக்கிற எண்ணத்தையும் ஒரே வாய் சொல்கிறது. குசினியில் நின்றுகொண்டு ஒரு கொலைகாரனுக்கு நான் மட்டும் அந்தரங்கக் கூட்டாளி ஆகிவிட்ட மாதிரி இருந்தது. இன்னொன்று, அவனுடைய உண்மைப் பேர் கடைசி வரை வருவதில்லை. பதினொரு மணித்தியாலம் என் காதுக்குள் கதைத்தவனின் பேர் எனக்குத் தெரியாது.

ஒற்றைக் குரல் எங்களுக்குப் புதிதில்லை. கே. எஸ். பாலச்சந்திரனின் 'அண்ணை றைற்' என்ற தனிநடிப்பைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாங்கள். ஒரே ஆள், ஒரு பஸ் நிறையச் சனம் கண்முன்னே வந்துவிடும். இந்த நாவலிலும் மனைவி புருசனின் வாயால்தான் வருகிறாள். மிலிசென்ட் பேசுகிற இடங்களில் வாசிப்பவர் குரலைச் சற்று மெல்லிதாக்குகிறார், ஆனால் அது ஓர் ஆம்பிளை தன் மனைவியைப் போலச் செய்கிற குரல்தான் என்பது மறக்காது. வாசிக்கும்போது மேற்கோள் குறிக்குள் இருப்பதை அவள் சொன்னதாகவே எடுத்துக்கொள்வோம். கேட்கும்போது எனக்குச் சந்தேகம் விடவில்லை: இவள் உண்மையிலேயே இப்படித்தான் சொன்னாளா, அல்லது இவன் சொல்கிற இவளா? எங்கள் வீட்டிலும் இவர் என்னைப் போலப் பேசிக் காட்டுவார். நான் கோழி மாதிரிக் கொக்கரிப்பதாக ஒரு தோற்றம் வரும். நான் அப்படிப் பேசுவதில்லை. மாமியைக் கேட்டால் அப்படித்தான் பேசுகிறேனாம்.

'கோன் கேர்ள்' அதற்கு நேரெதிர். இரண்டு குரல். நிக் என்ற புருசனுக்கு கெர்பி ஹேபோர்ன், ஏமி என்ற மனைவிக்கு ஜூலியா வேலன். ஐந்தாவது கலியாண நாளன்று மிசூரி மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் மனைவி காணாமல் போகிறாள். ஒரு அத்தியாயம் அவன் சொல்கிறான், அடுத்தது அவளுடைய நாட்குறிப்பு. அவன் காணாமல் போன நாளிலிருந்து முன்னுக்குப் போகிறான், அவள் அதற்குச் சில வருடங்களுக்கு முன்னிருந்து தொடங்குகிறாள். இது வழக்காடு மன்றம் மாதிரி. ஒருவர் தொடுப்பார், மற்றவர் மறுப்பார். என்ன, நடுவர் மட்டும் இல்லை. அந்தக் கதிரையில் நாங்கள்தான் போய் உட்காரவேண்டும்.

உட்கார்ந்தால் சண்டைதான். மாதிரிக்கு விடுகிற தொடக்கப் பகுதியை இருவரும் சேர்ந்து கேட்டோம். இவர் உடனே "மனிசன் பாவம்" என்றார். ஏன் பாவம் என்று கேட்டேன். "குரலைக் கேட்டால் தெரியவில்லையா?" என்றார். எனக்கு அந்தக் குரலைக் கேட்டால் வட்டிக்குக் காசு வாங்கிவிட்டு விலாசம் மாறினவன் மாதிரி இருந்தது. இருவரும் ஒரே ஒலியைத்தான் கேட்டோம். ஜூலியா வேலனின் குரல் வந்ததும் நான் அவள் பக்கம் சாய்ந்துவிட்டேன், அவ்வளவு இனிமையான வாசிப்பு. இனிமைக்குச் சாய்வது புத்தியா என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் நாவலிலேயே இருக்கிறது, நான் சொல்லமாட்டேன்.

இரண்டு குரலில் ஒரு கரைச்சல் இருக்கிறது. அத்தியாயத்தின் தலைப்பில்தான் எந்த நாள், எந்த வருடம் என்பது வரும். புத்தகத்தில் என்றால் பின்னுக்குப் புரட்டிப் பார்க்கலாம். காதில் அது ஒரு வரியாக வந்து போய்விடும். திருவலையில் தேங்காய் திருவுகிற நேரம் அந்த வரி வந்தால் அவ்வளவுதான், 2005இல் நிற்கிறோமா 2012இல் நிற்கிறோமா என்று தெரியாமல் அடுத்த பத்து நிமிடம் போகும். நீளமும் கூட, 19 மணித்தியாலத்துக்குக் கிட்ட. கை வேலையோடு கேட்கிறவருக்கு ஒற்றைக் குரல்தான் சுகம். உட்கார்ந்து கேட்க நேரம் இருப்பவருக்கு இரண்டு குரல் நல்ல விருந்து.

இந்த இடத்தில் ஒருவர் கேட்கலாம்: அப்படியானால் புத்தகத்தை வாங்கி வாசித்தால் என்ன? படம் பார்த்தால் என்ன? இப்போதுதான் போனே மின்நூலை வாசித்துக் காட்டுகிறதே, அதற்கு ஏன் தனியாகக் காசு?

படத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 'கோன் கேர்ள்' படம் 2014இல் டேவிட் ஃபின்ச்சர் எடுத்தது. திரைக்கதையும் நாவலாசிரியரே எழுதினார். இரண்டரை மணித்தியாலம், நல்ல படம். ஆனால் முகத்தைப் பார்த்ததும் பாதிச் சந்தேகம் போய்விடுகிறது, அல்லது தவறான முகத்தில் போய் விழுகிறது. நாவலை எந்த வழியிலாவது முடித்த பிறகு படத்தைப் பார்க்கலாம், முதலில் வேண்டாம்.

மற்ற இரண்டையும் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். இந்த இரண்டு வசனங்களை எடுங்கள், எந்த நாவலிலும் உள்ளதல்ல, நானே எழுதியது: "வியாழக்கிழமை அவளைப் புதைத்தோம். வருகிற வழியில் பாண் வாங்க மறந்துபோனோம்."

கடதாசியில் இந்த இரண்டும் ஒரே நேரத்தில் கண்ணில் படும். புதைத்ததைப் படிக்கும்போதே அரைக் கண் பாணைப் பார்த்துவிட்டது. சிரிப்பு வரும், ஆனால் உதட்டோடு நின்றுவிடும்.

நல்ல வாசிப்பாளர் முதல் வசனத்தை மழை பெய்தது என்று சொல்வது போலச் சொல்லி முடிப்பார். பிறகு ஒரு மூச்சு. இரண்டாவது வசனத்தில்தான் குரலைக் கொஞ்சம் இறக்குவார், "மறந்துபோனோம்" என்பதில் உண்மையான மனவருத்தம் வரும். பாவம், பாண் இல்லை. அந்த மூச்சு நேரத்தில் நான் என்ன வருகிறது என்று தெரியாமல் நிற்கிறேன், கண்ணை முன்னால் ஓடவிட வழியில்லை. அங்கேதான் பகிடி வெடிக்கிறது.

இயந்திரக் குரலையும் சோதித்துப் பார்த்தேன். இவருடைய வாதம் என்னவென்றால், உணர்ச்சி காட்டாமல் சொல்வதுதானே இந்த வகைப் பகிடி, மெசினுக்கு அது பிறவிக்குணம் என்பது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. தமிழிலும் ஆங்கிலத்திலும் போட்டுக் கேட்டோம். வியாழக்கிழமைக்கும் பாணுக்கும் ஒரே எடை, ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்கும் அளந்து வெட்டிய ஒரே இடைவெளி. உணர்ச்சியே இல்லாத குரல் வேறு, உணர்ச்சியை ஒளித்துவைத்திருக்கிற குரல் வேறு. கொலைகாரப் புருசனின் கதைக்கு இரண்டாவதுதான் தேவை. அவன் எதையோ அமுக்கிவைத்திருக்கிறான் என்று எனக்குத் தெரியவேண்டும், அது என்னவென்று தெரியக்கூடாது. மெசினிடம் அமுக்கிவைக்க ஒன்றும் இல்லை. செய்தி வாசிக்க, சமையல் குறிப்பு வாசிக்க அது போதும். மாமியை விட்டுச் சோதித்திருந்தால் "ஆரும் சாகேல்லை" என்றுதான் சொல்லியிருப்பார்.

ஆகவே மனிதக் குரல். அது தீர்ந்தது. அடுத்தது எங்கே, யாரோடு கேட்பது என்பது. என் கணக்கில் எந்தப் புத்தகம் என்பதைவிட இதுதான் பெரிய முடிவு.

ஸ்பீக்கரில் போட்டுச் சேர்ந்து கேட்பதுதான் எங்கள் பழைய வழக்கம். மாமி இலங்கை வானொலி நாடகங்களோடு வளர்ந்தவர். சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' தொடராகப் போன காலத்தில், ரேடியோ இருந்த வீட்டு விறாந்தையில் அயல் முழுக்க வந்து உட்காருமாம், யாராவது இருமினால் முறைப்பார்களாம். அது குடும்பக் கதை, குடும்பத்தோடு கேட்கலாம். இது அப்படியில்லை. கெட்ட வார்த்தையும் படுக்கையறையும் சொல்லாமல் கொள்ளாமல் வரும். எங்கள் பக்கத்தில் வீடுகள் நெருக்கம், கடற்காற்றில் யன்னல் எல்லாம் திறந்தே கிடக்கும். ஒருநாள் இரவு விறாந்தையில் சத்தம் கூடிவிட்டது, மனைவியைக் கொல்வது பற்றி ஓர் ஆம்பிளைக் குரல் தெளிவான ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறது. அடுத்த நாள் காலையில் மதிலுக்கு அந்தப் பக்கத்து அக்கா என்னைப் பார்த்து, "ராத்திரி வீட்டில ஆராவது வந்து நிக்கினமோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "இல்லை, சும்மா கேட்டனான்" என்றார். ஆனால் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார், எங்கேயாவது வீங்கியிருக்கிறதா என்று.

ஆளுக்கொரு இயர்போனில் ஒரு பக்கத்தைச் செருகிக்கொண்டு கேட்கலாம். சினிமாவில் பார்க்க அழகு. நடைமுறையில், அவர் திரும்பிப் படுத்தால் என் காது கழன்றுவிடும்.

இவருக்கு ரயில் இருக்கிறது. கொழும்புக் கோட்டையிலிருந்து வருகிற இரவு ரயில் எட்டு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். கல் ஓயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையிலிருந்து பிரிந்து கந்தளாய்ப் பக்கமாகக் காட்டுக்குள்ளால் வரும். வெளியே ஒரு பொட்டு வெளிச்சம் இருக்காது, பெட்டிக்குள் பாதிப் பேர் வாயைத் திறந்துகொண்டு நித்திரை. யானை குறுக்கே நின்றால் வண்டி மெல்லமாகும். இந்தக் கதைக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது என்கிறார். பஸ்ஸில் கொஞ்சம் சீக்கிரம் வரலாம், ஆனால் தனியார் பஸ் என்றால் பாட்டுச் சத்தம் இயர்போனுக்குள்ளும் வரும். 'ஆளை எங்கே புதைத்தாய்' என்று அவன் சொல்லப்போகிற இடத்தில் கொண்டக்டர் வந்து தோளைத் தட்டுவார். ரயிலுக்கே என் வாக்கு. ஒன்று மட்டும்: கதையைக் கொழும்பிலேயே போனில் இறக்கிவைத்துவிடவேண்டும். காட்டுக்குள் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும், கொலை நடக்கிற இடத்தில் வட்டம் சுற்றிக்கொண்டு நிற்கும்.

இறக்குவதற்கு டேற்றா எவ்வளவு போகும் என்று பயப்படத் தேவையில்லை. வழமையான தரமான 64 கிலோபிட்டில் ஒரு மணித்தியாலத்துக்கு 29 எம்பி அளவு. 11 மணித்தியாலக் கதை 320 எம்பிக்குள் முடியும், 19 மணித்தியாலம் என்றால் 550. ஒரு படத்தை நல்ல தரத்தில் பார்க்கிறதைவிடக் குறைவு. காசுதான் யோசிக்கவேண்டியது. ஒலிநூல் விற்கிற ஓடிபிளின் (Audible) அமெரிக்கத் தளத்தில் நாங்கள் பார்த்த நேரம் மாதச் சந்தா 14.95 டொலர், அதற்கு ஒரு புத்தகம். டொலர் 300 ரூபா என்று வைத்தால் 4,500 ரூபாவுக்குக் கிட்ட. எங்கள் வீட்டில் அது ஒரு கிழமை மீன் காசு, மீன் விலை நல்லாயிருக்கிற கிழமையில். புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒரு மாதம் சும்மா தருகிறார்கள், சந்தாவை நிறுத்தினாலும் எடுத்த புத்தகம் கணக்கில் கிடக்கும். விலை கூடிய நீளமான புத்தகத்துக்கு அந்த ஒன்றைப் பயன்படுத்துவது கெட்டித்தனம் என்று கணக்குப் பார்க்கிறவர்கள் சொல்வார்கள். நாங்கள் அப்படிப் பார்க்கவில்லை, அதைப் பிறகு சொல்கிறேன். ஒரே கணக்கை இரண்டு போனிலும் போட்டுக்கொண்டோம்.

என்னுடைய இடம் குசினி. கூடவே மாலையில் கோட்டை வாசலால் கோணேசர் கோயில் வரை ஒரு நடை. நடையில் கேட்பதை முயற்சி செய்து விட்டுவிட்டேன். பாதையோரம் புள்ளிமான்கள் நிற்கும், ஆள் வந்தால் ஏதாவது தருவார்களோ என்று கிட்ட வந்து முகத்தைப் பார்க்கும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு கழுத்தை நெரிக்கிற கதையைக் கேட்க என்னால் முடியவில்லை. கோயிலடியில் இயர்போனைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டால், கடவுளே, எந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன் என்று இருக்கும். குசினியில் அந்தக் குற்ற உணர்ச்சி வராது. அங்கே ஏற்கெனவே கத்தி இருக்கிறது, இரத்தம் இருக்கிறது, சூடை மீன் இருக்கிறது.

படுக்கையில் கேட்பவர்கள் நித்திரை வந்ததும் தானாக நிற்கிற ஏற்பாட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். நிமிடக் கணக்கில் வைக்காமல் அத்தியாயம் முடிகிற இடத்தில் நிற்கிற மாதிரி வைப்பது நல்லது. நான் ஒருநாள் மறந்துவிட்டு நித்திரையாகி, கொலைகாரன் யார் என்பதைக் கனவிலேயே கேட்டிருக்கிறேன். அது வேறு கதையில். அந்தக் காசு போய்விட்டது.

சரி, நாங்கள் எதை எடுத்தோம்? தனித்தனியாகக் கேட்டு, சனிக்கிழமை சந்திக்கிறவர்கள் நாங்கள். வழக்காடு மன்றத்துக்கு இரண்டு பேரும் ஒரே மேடையில் இருக்கவேண்டும். அவர் கல் ஓயாவில் நிக்கின் கட்சி, நான் குசினியில் ஏமியின் கட்சி என்றால் அது இரண்டு கிழமைக்கு வட்சப்பில் சண்டை பிடிப்பதில் முடியும். ஒற்றைக் குரலில் அந்தப் பிரச்சினை இல்லை. அவன் ஒருவனைத்தான் சந்தேகிக்கவேண்டும், அதை எங்கிருந்தும் செய்யலாம். பதினொரு மணித்தியாலத்தை ஒரு போக்குவரத்துக்குள் அவரால் முடிக்கவும் முடியும், நித்திரைக்கும் நேரம் மிஞ்சும். அதனால் 'மை லவ்லி வைஃப்'. ஒரே வீட்டில் இருந்து, பிள்ளைகள் படுத்த பிறகு தினம் ஒரு மணித்தியாலம் ஒன்றாக உட்கார முடிகிறவர்கள் என்றால், தயங்காமல் 'கோன் கேர்ள்'. அந்த ஜோடிகளைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் உண்டு.

ஒரு ஒப்பந்தம் போட்டோம். வெள்ளி இரவு வரை இருவரும் ஒரே அத்தியாயத்தில் நிற்கவேண்டும், ஒருவரும் முந்தக்கூடாது. கடைசி ஐந்து அத்தியாயத்தைச் சனி இரவு விறாந்தையில், சத்தத்தைக் குறைத்து வைத்து, ஒன்றாகக் கேட்பது. மாமியும் மகளும் படுத்த பிறகு பாயை விரித்தோம். நான் இஞ்சித் தேத்தண்ணி ஊற்றினேன். கதை ஓடியது. நல்ல முடிவு, ஒன்றும் சொல்லமாட்டேன். முடிகிறதுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு இடம் வரும், அதுவரை கேட்டு வந்தவருக்கு வயிற்றில் ஒன்று இறங்கும். இருட்டில் இவருடைய பக்கத்தைப் பார்த்தேன். அந்த வரி வருவதற்கு முன்னமே இவருடைய வாய் சிரிப்புக்கு ஆயத்தமாகிவிட்டது. ஒரு மூச்சு முந்திவிட்டது.

"இஞ்சருங்கோ, முதலே கேட்டுட்டீங்களோ?"

"சீச்சீ, என்ன கதைக்கிறீர். இப்பதானே கேக்கிறன்."

அவ்வளவு ஆறுதலாகச் சொன்னார். மாமி கதவடியில் நின்றிருந்தால் ஆர் செத்தது என்று கேட்டிருப்பார். நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை, ஏனென்றால் அந்த வரி அந்த இடத்தில்தான் வரும் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று அவர் திருப்பிக் கேட்டால் சொல்லப் பதில் இல்லை. வியாழக்கிழமை சூடை மீன் ஒரு கிலோ வாங்கியிருந்தேன், துப்புரவாக்க நேரம் எடுத்தது.

இதை இங்கே எழுதிவைப்பதில் எனக்குப் பயமில்லை. இவ்வளவு நீளமாக இருந்தால் இவர் வாசிக்கமாட்டார். யாராவது வாசித்துக் காட்டினால்தான் உண்டு.